ஐந்து மருக்களும் ஒரு தீக்குச்சியும்

அந்தக் கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் என் மனைவி ரெஜினா பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடைபாதைக்கு இந்தப் புறம் ஆண்கள் பக்கத்தில் நான். அவள் வலது கையைச் சால்வைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். உள்ளே துணிக்கட்டு இருப்பது எனக்குத் தெரியும். கட்டியவனே நான்தான்.

கோவில் முழுக்க ஈரக் கம்பளி வாசனை. பீடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சவுக்குக் கிளைகளின் வாசனை வேறு. முன்னால் பெடல் ஆர்கனில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் வாசித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண், பயத்தில் காலை வேகவேகமாக மிதித்தாள். மூன்றாவது சரணத்தில் ஒரு கட்டை தவறியது.

சபையில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ரெஜினாவின் சால்வை மட்டும் ஒரு முறை துள்ளியது. தவறிய கட்டையைப் பிடிக்க அவள் கை தானாகவே போயிருக்கிறது. போன வேகத்தில் வலித்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்த அம்மாள் அதை ஜெபம் என்று நினைத்து, தானும் கண்ணை மூடிக்கொண்டார்.

இந்தத் தொடரில் சில வாரங்களாக மலை டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டராக இருந்த காலத்துப் பெருமைகளைத்தான் எழுதி வருகிறேன். மழையில் பாச்சலூர் வரை நடந்து போய்ப் பிரசவம் பார்த்தது, பாம்புக்கடிக்காரனைப் பிழைக்க வைத்தது எல்லாம் வந்துவிட்டது. 'கைராசிக்காரர்' என்று ஒரு வாசகர் பாராட்டிக் கடிதம் போட்டிருக்கிறார். அந்தக் கைராசியின் லட்சணத்தை இந்த வாரம் சொல்கிறேன்.

ஆர்கன் பெஞ்சு

ரெஜினா வட்டக்கானல் பெண். கத்தோலிக்கக் குடும்பம். கன்னியாஸ்திரிகளிடம் ஆர்கன் கற்றவள். நான் வேறு சபை, அதிலும் உபதேசியார் மகன். இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கல்யாணம் நடந்தது. அவள் எங்கள் சபைக்கு வந்தாள்.

எங்கள் சபை அவளை ஏற்றுக்கொண்டது என்று ஏட்டில் எழுதினார்கள். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது அவளோடு பேச ஒரு பெண் வரமாட்டாள். 'உப்பு மிளகு போடுற வீட்டுப் பொண்ணு' என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அது என்ன உப்பு மிளகு என்று பிறகு சொல்கிறேன்.

அப்போது சபையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மையார் ஊருக்குத் திரும்பிவிட்டார். மூன்று மாதம் பெட்டி மூடியே கிடந்தது. கோவிலைப் பெருக்கும் முறை எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு நாள், ரெஜினா தூசி தட்டுகிற சாக்கில் மூடியைத் திறந்து ஒரு கீர்த்தனை வாசித்துப் பார்த்தாள். வெளியே போய்க்கொண்டிருந்த போதகர் ஐயா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றுவிட்டார். அடுத்த ஞாயிறு முதல் அந்தப் பெஞ்சு அவளுடையது.

அதன் பிறகுதான் பெண்கள் அவளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எட்டு வருஷம் வாசித்தாள். அந்தப் பெஞ்சு இல்லையென்றால் எங்கள் சபையில் அவளுக்கு வேறு இடமே இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எழுபதுகள் முடிகிற சமயம், ஒரு மழைக்காலத்தில் அவள் விரல்களில் மரு வந்தது.

அது என்ன, எங்கிருந்து வந்தது

மச்சம் வேறு, மரு வேறு, பாதத்தில் வரும் ஆணி வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு வந்தவர்களிடம் முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். தேரையைத் தொட்டால் மரு வரும் என்பார்கள். நட்சத்திரத்தை எண்ணினால் வரும் என்பார்கள். எல்லாம் பொய். மரு ஒரு வைரஸ் கிருமியால் வருவது. தோலில் கீறலோ வெடிப்போ இருந்தால் அந்த வழியாக நுழைந்து, மேல்தோலைத் தடிக்க வைத்துச் சொரசொரப்பாகக் கிளம்பும்.

மருவுக்குள் கருப்புப் புள்ளிகள் தெரியும். அதை 'வேர்' என்று சொல்லித் தோண்டாத ஆள் கிடையாது. அது வேர் அல்ல. மருவுக்குள் வளர்ந்த மெல்லிய இரத்தக் குழாய்கள், உள்ளே இரத்தம் உறைந்து கருத்துப் போனவை. மருவுக்கு வேரே கிடையாது. தோண்டினால் ரத்தம் வரும், கிருமி பக்கத்துத் தோலுக்கும் பரவும்.

பள்ளங்கிப் பக்கம் பூண்டும் கேரட்டும் கழுவுகிற பெண்களுக்கு இது நிறைய வரும். நாளெல்லாம் ஓடைத் தண்ணீரில் கை ஊறி, குளிரில் வெடித்திருக்கும். ஆண்களுக்கு வேறு வழி. சந்தைக்கு வரும் சவரக்காரர் ஒருவர், ஒரே கத்தியால் ஊருக்கே சிரைப்பார். தாடையில் ஒற்றை மருவோடு உட்கார்ந்த ஒரு விவசாயிக்கு ஆறே மாதத்தில் தாடை முழுக்க நாற்றுப் பாவியது போல் கிளம்பிவிட்டது. அந்த விவசாயியோ கத்தியைச் சந்தேகிக்காமல், பக்கத்து வீட்டுக்காரன் செய்வினை வைத்ததாகச் சொல்லிச் சண்டைக்குப் போனார்.

ரெஜினாவுக்கு எங்கிருந்து வந்தது? என் கட்டைவிரலில் அதற்கு முந்தின வருஷம் ஒன்று இருந்தது. எத்தனையோ பேர் கையைப் பிடித்து மருந்து போட்ட விரல். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே துண்டு, குளிக்க ஒரே கல். என்னுடையது எப்போது போனது என்றே எனக்கு ஞாபகம் இல்லை. என்னிடமிருந்துதான் ஒட்டியிருக்கும். இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு மொத்தம் ஐந்து. வலது ஆள்காட்டி விரலின் நடு மூட்டின் மேல் பெரியதாக ஒன்று, பட்டாணி அளவு. மற்ற நான்கும் சின்னவை. இரண்டு அதே கையில் கட்டைவிரல் ஓரம், இரண்டு இடது கையில்.

பாக்கியம் டீச்சர் வந்தார்

டிசம்பர் பிறந்ததும் மாதர் சங்கத்துச் செயலாளர் பாக்கியம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். ரெஜினா கொடுத்த காபியைக் கையில் வாங்கவில்லை. "இப்பத்தான் குடிச்சேன்" என்றார்.

"ரெஜினா, தப்பா நெனைக்காத. நம்ம புள்ளைக எல்லாம் அந்தக் கட்டையத்தான் தொடுதுக. இது தொத்துமாம்ல?"

"வாசிச்சு முடிச்சதும் தொடச்சுட்டுத்தான் டீச்சர் எந்திரிக்கிறேன்."

"நீ தொடைப்பம்மா, இல்லைங்கல. ஆனா நாலு பேரு பேசுறாங்கள்ல? கொஞ்ச நாளு ரெஸ்ட் எடு. கிறிஸ்மஸுக்குள்ள சரியாயிட்டா நீயே வாசி. ஒன் வீட்டுக்காரரே கம்பவுண்டர். மருந்துக்கா பஞ்சம்?"

டீச்சர் போன பிறகு ரெஜினா அந்தக் காபியைத் தானே குடித்தாள். எனக்கோ அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் தைத்துக்கொண்டது. அவளுடைய பெஞ்சு போன வலியைவிட என் மருந்தைப் பற்றிப் பேசியது பெரிதாகத் தெரிந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது கோபம்தான் வந்தது.

உப்பும் மிளகும்

வட்டக்கானல் போகும் வழியில் ஒரு வளைவில் சின்னக் குருசடி ஒன்று உண்டு. ஒரு சிலுவை, அதன் கீழே ஒரு சிமெண்டுத் தொட்டி. மரு வந்தவர்கள் அந்தத் தொட்டியில் உப்பும் மிளகும் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். பழனிப் பக்கத்துக் கோவில்களிலும் இதே உப்பு, இதே மிளகுதான். சாமிதான் வேறு. உப்பு கரைவது போல் மரு கரையும் என்று நம்பிக்கை. போட்டுவிட்டால் அப்புறம் மருவைத் தொடக் கூடாது, கிள்ளக் கூடாது, எண்ணிப் பார்க்கக் கூடாது.

எங்கள் சபைக்காரர்களுக்கு இது ஒரு கேலி. எனக்கு இரட்டைக் கேலி. நான் சபைக்காரன் மட்டுமா, வெள்ளைக் கோட்டுப் போட்டவன் வேறு.

ஒரு காலை டிஸ்பென்சரியில் நல்ல கூட்டம். சபை மூப்பர் ஒருவர் இருமல் மிக்சருக்குப் பாட்டிலோடு வரிசையில் நின்றார். அவருடைய முறை வந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"என்ன கம்பவுண்டரே, ஒங்க மருந்து மேல ஒங்க வீட்லயே நம்பிக்கை இல்லையாமே? வீட்டம்மா குருசடியில உப்புல்ல போடுறாகளாம்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மிக்சரை அவர் பாட்டிலில் ஊற்றி அடைத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் ஆணியில் தொங்கிய அவளுடைய ஸ்வெட்டரைத் துழாவினேன். பையில் ஒரு காகிதப் பொட்டலம், அதில் மிச்ச மிளகு.

"எந்தச் சபையில இருக்கோங்கிற நெனப்பு இருக்கா ஒனக்கு?" என்று கத்தினேன்.

"ரெண்டு கல்லு உப்பு போட்டா ஒங்க சபை கரைஞ்சா போயிரும்?" என்றாள்.

பொட்டலத்தை அடுப்பில் போட்டேன். மிளகு வெடித்து வீடெல்லாம் நெடி ஏறி இரண்டு பேரும் இருமினோம்.

குதிரை முடி

மறுநாள் அவள் தம்பி அந்தோணி வந்தான். ஏரியைச் சுற்றி டூரிஸ்டுகளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போவது அவன் தொழில். வால் முடி நாலைந்து உருவி விரலில் சுற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"மச்சான், இத இறுக்கிக் கட்டிவிட்டா ஒரு வாரத்துல அறுந்து விழுந்துரும். நம்ம குதிரைக்கார மாரிக்குப் பாருங்க, கழுத்துல இருந்தது அப்படித்தான் போச்சு."

கழுத்தில் காம்போடு தொங்கும் சதை உண்ணிக்கு முடி கட்டலாம், அது சில சமயம் விழும். ரெஜினாவுக்கு இருந்ததோ தட்டையாகத் தோலோடு படிந்த மரு. அதில் முடி நிற்காது. இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

"ஏலே, நீ போய் ஒன் குதிரையப் பாரு. இது படிச்சவன் சோலி" என்றேன்.

அவன் முடியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனான்.

தீக்குச்சி

எங்கள் டாக்டரம்மா மருவுக்கு மருந்து போடுவதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் வெந்நீரில் விரலை ஊற வைப்பார். மேல் தோலை அரத்தாளால் மெல்லத் தேய்ப்பார். சுற்றிலும் நல்ல தோலில் வாசலின் தடவி வேலி கட்டுவார். அப்புறம்தான் நடுவில் மென்மையான சாலிசிலிக் ஆசிட் ஒரு சொட்டு. பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிடுவார். இப்படியே தினமும் வீட்டில் செய்யச் சொல்வார். இரண்டு மாதம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். "கம்பவுண்டர், இதுல மருந்தவிடப் பொறுமதான் முக்கியம்" என்று சிரிப்பார்.

அந்த டிசம்பரில் அவர் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போயிருந்தார். புது வருஷம் கழித்துத்தான் வருவார். கிறிஸ்துமஸுக்கு இருந்ததோ இரண்டு வாரம்.

சிறுநீரில் உப்பு, அதாவது புரதம், இருக்கிறதா என்று பார்க்க டிஸ்பென்சரியில் நைட்ரிக் ஆசிட் வைத்திருப்போம். கண்ணாடி மூடி போட்ட பழுப்பு பாட்டில். அந்தக் காலத்துப் புத்தகத்தில் மருவுக்கு அதை வைப்பதாக ஒரு வரி படித்திருந்தேன். ஒரு வரிதான். சின்னச் சீசாவில் கொஞ்சம் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

சாப்பாட்டு மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். வெளியே மூடுபனி, வெளிச்சம் போதவில்லை. தீக்குச்சியின் பின்பக்கத்தில் பஞ்சு சுற்றி ஆசிட்டில் தொட்டேன். பெரியதை முதலில் முடிப்போம், மற்ற நான்கும் அப்புறம் என்று திட்டம். வாசலின் தடவ மறந்தேன். ரெஜினா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினாள்.

மரு முதலில் வெளுத்தது, பிறகு மஞ்சளானது. மூக்கைத் துளைக்கும் புகை வாடை. அவள் சால்வை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் அது கருத்து ஒரு பொருக்காக நின்றது. விழவில்லை. சரி, போதவில்லை என்று மறுபடியும் வைத்தேன். மூன்றாம் நாள் பொருக்கைப் பெயர்த்துவிட்டு அடியிலும் வைத்தேன். அன்று அவள் விரலில் விழுந்த குழியைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மற்ற நான்கையும் தொடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஆர்கன் பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா கேட்டது

டாக்டரம்மா வந்ததும் கட்டைப் பிரித்தார். விரலை நிமிர்த்தச் சொன்னார். ரெஜினா நிமிர்த்தப் பார்த்தாள். நடு மூட்டு மடிந்தது மடிந்தபடியே நின்றது.

"யாரு பண்ணது?"

"நான்தான் டாக்டர்."

"மூட்டுக்கு மேல நைட்ரிக் வைக்க ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அந்த எடத்துல தோலு எவ்வளவு கனம் தெரியுமா? அதுக்குக் கீழதான் வெரல நிமித்துற தசைநாணு ஓடுது. அதச் சுட்டு வச்சிருக்கீங்க."

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி சரி பண்ணிரலாம்னு..."

"ஏன், அடுத்த வருஷம் கிறிஸ்மஸ் வராதா?"

மதுரைக்குக் கொண்டு போய்க் காட்டினோம். புண் ஆறும், விரல் நிமிராது என்றார்கள். டாக்டரம்மா என்மேல் புகார் எழுதவில்லை. ஆசிட் அலமாரியின் சாவியை மட்டும் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சாவி என் கைக்குத் திரும்பவில்லை.

பாக்கியம் டீச்சர் கேக் கொண்டு வந்தார். மாதர் சங்கத்தில் ரெஜினாவின் விரலுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்ததாகவும் சொன்னார். அன்று அவர் காபி குடித்தார். அந்த அம்மாளின்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆசிட்டை வைத்தது அவர் அல்ல, தெரியும். ஆனாலும் தீரவில்லை.

பேரி பூத்தபோது

மார்ச் மாதம், வீட்டுப் பின்னால் பேரி மரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரெஜினா என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க."

இரண்டு கைகளையும் வெயிலில் விரித்துக் காட்டினாள். கட்டைவிரல் ஓரத்து இரண்டும் இல்லை. இடது கை இரண்டும் இல்லை. தழும்புகூட இல்லை, கைரேகை அந்த இடத்தில் அறுபடாமல் ஓடியது. நான் தொடாத நான்கும் போய்விட்டன.

இது அதிசயம் ஒன்றும் இல்லை. தோலுக்குள் ஒரு வேண்டாத விருந்தாளி உட்கார்ந்திருப்பதை உடம்பு தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்த பிறகு தானே துரத்திவிடுகிறது. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒன்றிரண்டு வருஷம். பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டாலோ, பரவினாலோ, வலித்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். முகத்திலோ மறைவிடத்திலோ வந்தால் முதலிலேயே போய்விட வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் காலில் வந்ததை வீட்டில் கிளறவே கூடாது. இவ்வளவுதான் விஷயம். டாக்டரம்மா எனக்கு இதை நூறு முறை சொல்லியிருக்கிறார்.

குருசடியில் உப்புப் போட்டவள் செய்ய வேண்டியது என்ன? தொடாமல் இருப்பது, கிள்ளாமல் இருப்பது, காத்திருப்பது. அந்த உப்புக்கு மருவைக் கரைக்கும் சக்தி கிடையாது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் அதைப் போட்டவர்கள் யாருக்கும் விரல் மடிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எண்பதுகளின் பின்பாதியில் மதுரையில் மருவைக் குளிரால் சுடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போனேன். புகையும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுச் சில நொடிகள் வைத்தார் டாக்டர். பள்ளங்கியில் உறைபனி விழுந்த காலை உருளைக்கிழங்கு இலை கருகிக் கிடக்குமே, அது போலத்தான். இரண்டு வாரத்தில் உதிர்ந்தது. அவர் எத்தனை நொடி என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே வைத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேரி பூத்த அந்த வருஷமே ஈஸ்டர் முடிந்து ரெஜினாவை மறுபடி வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஒரு புதன்கிழமை ஆளில்லாத கோவிலில் உட்கார்ந்து பார்த்தாள். மடிந்த விரல் ஒரே சமயத்தில் இரண்டு கட்டைகளை அழுத்தியது. நாலு வரி வாசித்தாள், மூடியைச் சாத்தினாள்.

"மத்த நாலு வெரல வச்சும் வாசிக்கலாம்ல?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை எந்த முட்டாளும் கேட்கமாட்டான்.

"ஒங்க சோலியப் பாருங்க" என்றாள். அதன் பிறகு அவள் ஆர்கனைத் தொடவில்லை.

வாசித்துக் காட்டியது

இதுவரை எழுதியதை இன்று காலை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முறத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மடிந்த விரலைத் தோலுக்குள் கொக்கி போல மாட்டி இழுப்பாள். வேகமாகத்தான் உரிப்பாள். கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதிருக்கீங்க. ஒரு எடத்துல மட்டும் பொய்."

"எங்க?"

"ஒண்ணும் சொல்லாம கைய நீட்டுனேன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அங்க. நான் வேணாம்னு சொன்னேன். மூணு நாளும் சொன்னேன். மொத நாளு மெதுவாச் சொன்னேன். மூணாவது நாளு அழுதுக்கிட்டே சொன்னேன். நீங்கதான் மணிக்கட்டப் புடிச்சு மேசையில அமுக்குனீங்க."

நான் மறந்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மறக்கவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனேன்.

"அடிக்காதீங்க. அது அப்படியே கெடக்கட்டும்" என்றாள், பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் சொன்னத கடைசில எழுதுங்க."

எழுதிவிட்டேன்.